களத்தில் முறியாத கத்தி: படைப்பணிக்கு மடங்காக் கத்தியைத் தெரிவு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

சென்ற வாடைக் காலத்தில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடற்படையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் இரண்டு துண்டாகிப்போன கத்தியொன்றைப் பழைய துவாயில் சுற்றிக்கொண்டு திருகோணமலை நகரிலுள்ள என் பட்டறைக்கு வந்தார். "ஐயா, அலகில் ஒரு கீறல்கூட இல்லை. மரப்பெட்டியின் மூடியை நெம்பினேன், கைப்பிடி மட்டும் கையில் நின்றுவிட்டது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அலகு புதிதாகவே இருந்தது, கூர்கூட மழுங்கியிருக்கவில்லை. கைப்பிடியின் தோல் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்கும் அலகுக்கும் இடையில் தடுப்பாக நிற்கும் பித்தளைக் காப்பையும் உருவி எடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கைப்பிடிக்குள் நுழையும் இரும்புக் காம்பு, காப்புக்கு நேர் கீழே, செதில் செதிலாகக் கறள் பிடித்து, பென்சிலைவிட மெலிந்து போயிருந்தது. முறிவு முகத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது, சுற்றிலும் கறுத்திருந்த இரும்பின் நடுவில் ஒரு நெல்மணியளவு இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. கறுத்திருந்த பகுதி பல மாதங்களுக்கு முன்பே வெடித்துவிட்டது. அன்று மூடியை நெம்பியபோது உடைந்தது அந்த நெல்மணியளவு இரும்பு மட்டுமே.

என் தந்தையார் கம்மாலை வைத்திருந்தவர். நான் கத்தி தீட்டுவதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன். படையினர், கடற்படையினர், வனத்துறையினர், மீனவர் என்று பலருடைய கத்திகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் அலகின் நடுவில் முறிந்து வந்தவை மிகச் சிலவே. ஏனையவை எல்லாம் வாங்கியவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது காம்பிலும் காம்பின் தோளிலும் உறைக்குள்ளும் கெட்டுப்போனவை. ஆகவே, படைப்பணிக்குக் கத்தி வாங்குபவர் அலகின் தோற்றத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது மறைந்திருக்கும் பகுதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலாவது படி: கத்தி செய்யப்போகும் வேலையைத் தீர்மானித்தல்

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் பணியில் கத்தி உண்மையில் என்ன செய்யப்போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கயிறும் பட்டியும் அறுத்தல், உணவுப் பொதியும் தகரமும் திறத்தல், கூடார முளை சீவுதல், அடுப்புக்கு விறகு பிளத்தல், பெட்டி மூடி நெம்புதல், அவசரத்தில் மண் கிளறுதல் ஆகியவையே பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். கத்தியால் சண்டையிடுவது அப்பட்டியலின் கடைசியில் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

இவ்வேறுபாடு முக்கியமானது. 1940இல் வில்லியம் ஃபேர்பேர்னும் எரிக் சைக்ஸும் பிரித்தானியக் கொமாண்டோப் படைகளுக்காக வடிவமைத்த இருபுறக் கூருடைய குத்துவாள் இன்றுவரை புகழ்பெற்றது. ஆனால், ஊசிபோல ஒடுங்கிய அதன் முனை குத்துவதற்கென்றே அமைந்தது. தகரம் திறக்கவும் நெம்பவும் அதைப் பயன்படுத்தியவர்கள் முனையை முறித்துக்கொண்டார்கள். மாறாக, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய அதே 1942ஆம் ஆண்டில் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட, பின்னாளில் காபார் என்ற பெயரால் அறியப்பட்ட கத்தி, சண்டைக்கும் அன்றாட வேலைக்கும் பொதுவாக அமைக்கப்பட்டது. அது 80 ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ அதே வடிவில் விற்பனையாகிறது. துப்பாக்கி முனையில் பொருத்தும் சனியன் என்னும் கத்திகளும் இதே வழியில்தான் மாறின. 1980களில் அமெரிக்கப் படைக்கு வந்த எம்9 சனியனும், அதற்கு முன்பே வந்த ஏகே துப்பாக்கிச் சனியனும், தம் உறையோடு சேர்ந்து முட்கம்பி வெட்டும் கத்தரியாகும்படி செய்யப்பட்டன. படைகளே கத்தியை முதலில் ஒரு வேலைக் கருவியாகக் கருதத் தொடங்கிவிட்ட நிலையில், நாம் குத்துவாளைத் தேடிப்போவதற்குக் காரணம் இல்லை. இருபுறமும் கூருள்ள அலகில் பெருவிரலை வைத்து அழுத்தவும் முடியாது, முதுகு என்னும் கூரற்ற விளிம்பு அதற்கு இல்லாததால் மரக்கட்டையால் அடித்து விறகு பிளக்கவும் முடியாது.

வேலையோடு இடத்தையும் எழுதுங்கள். உட்துறைமுகத்திலும் கொட்டியாரக்குடாவிலும் படகில் நிற்பவரின் கத்தியும், கந்தளாய்ப் பக்கத்துக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் இடத்தில் நாட்கணக்கில் தங்குபவரின் கத்தியும் ஒன்றாக இருக்க முடியாது. முன்னவருக்கு உப்பு எதிரி, பின்னவருக்கு அந்த மரங்களின் வைரம் எதிரி.

உங்கள் பிரிவு சொந்தக் கத்தியை அனுமதிக்கிறதா, அலகின் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே மேலதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவது வீண் சிக்கலையே தரும்.

இரண்டாவது படி: நீளமும் தடிப்பும்

பொது வேலைக்கு அலகு 10 முதல் 18 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். சுவீடன் விமானப்படையின் விமானிகளுக்கென 1995இல் ஏற்கப்பட்ட ஃபால்க்நிவன் எஃப்1 கத்தியின் அலகு 97 மில்லிமீற்றர் மட்டுமே, காபாருக்கு அது 178 மில்லிமீற்றர். இரண்டும் களத்தில் தேறியவை. நீண்ட அலகு கொத்துவதற்கு உதவும், குறுகிய அலகு கைக்கு அடங்கி நுண்ணிய வேலைக்கு உதவும். காடு வெட்டும் தேவை உண்மையிலேயே இருந்தால், ஒரு மன்னாக் கத்தியைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள். ஒரே கத்தியை இரண்டுக்கும் பயன்படுத்த நினைத்துப் பெரிதாக வாங்குபவர், நான்காம் நாளில் அதை முகாமிலேயே விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

தடிப்பைப் பொறுத்தவரை, முதுகில் 4 முதல் 5 மில்லிமீற்றர் போதுமானது. தகடொன்றின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியாக (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) உயர்வதால், 4 மில்லிமீற்றர் அலகைவிட 5 மில்லிமீற்றர் அலகு ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். ஒரு மில்லிமீற்றர் எவ்வளவு செய்கிறது என்பதை இது காட்டுகிறது. அதே காரணத்தால் 7, 8 மில்லிமீற்றர் தடித்த அலகுகள் தேவையற்ற பாரமாகின்றன. அவை நன்றாக நெம்பும், ஆனால் எதையும் நன்றாக வெட்டமாட்டா.

மூன்றாவது படி: காம்பைப் பரிசோதித்தல்

இதுவே இவ்வழிகாட்டியின் மையம். அலகின் தொடர்ச்சியாகக் கைப்பிடிக்குள் செல்லும் இரும்பையே காம்பு என்கிறோம். முழுக் காம்பு என்பது கைப்பிடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சமமாகச் சென்று, இரு பக்கமும் பிடித் தகடுகள் பொருத்தப்பட்டிருப்பது. கைப்பிடியின் ஓரத்தில் இரும்பு கோடாகத் தெரிவதால் அதை வெளியிலிருந்தே அறியலாம். ஒடுங்கிய காம்பு என்பது கோல்போலக் குறுகிக் கைப்பிடிக்குள் மறைந்து, அடியில் மரையாலோ தறையாலோ இறுக்கப்பட்டிருப்பது. அரைக் காம்பு என்பது கைப்பிடியின் பாதியோடு நின்றுவிடுவது.

புதிதாக வாங்குபவருக்கு முழுக் காம்பையே பரிந்துரைப்பேன். அது வலிமையானது என்பதைவிட, அதன் நிலையைக் கண்ணால் பார்த்து அறியலாம் என்பதே எனக்குப் பெரிய காரணம். ஒடுங்கிய காம்பு தன்னளவில் குற்றமுடையதன்று. காபாரின் காம்பு ஒடுங்கியதே, அது இரண்டாம் உலகப் போரில் தாக்குப் பிடித்தது. குற்றம் இருப்பது காம்பின் தோளில். அகன்ற அலகு குறுகிய காம்பாக மாறும் அந்த மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால், நெம்பும்போது எழும் விசை முழுவதும் ஒரு கூரிய புள்ளியில் திரண்டு, அங்கிருந்து மயிரிழை வெடிப்பொன்று தொடங்கும். அதே மூலையை வளைவாகச் செதுக்கியிருந்தால் விசை பரவிச் செல்லும். ஆகவே, ஒடுங்கிய காம்புள்ள கத்தியை வாங்குவதானால், தோள் வளைவாக இருக்கிறதா என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடும் படத்திலாவது பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த இளைஞரின் கத்தியில் இரண்டு தீமைகள் ஒரே இடத்தில் சந்தித்திருந்தன. தோள் சதுரமாக இருந்தது. அதன்மேல் பித்தளைக் காப்பு அமர்ந்திருந்தது. பித்தளையும் சாதாரண உருக்கும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு நீரில் நனையும்போது ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் பித்தளை தப்பிக்கொள்ள, உருக்கு விரைவாக அரிக்கப்படுகிறது. காப்புக்கும் தோளுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் புகுந்த கடல் நீர் உலர்வதேயில்லை. வெளியே பித்தளை பொன்போல மின்ன, உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். கடலோரப் பணிக்குப் பித்தளைக் காப்பும் ஒடுங்கிய காம்பும் சேர்ந்த கத்தியை வாங்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனாலேயே.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. கைப்பிடியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்து, மற்றக் கையின் நகத்தால் அலகைச் சுண்டிப் பாருங்கள். நன்றாகப் பொருந்திய கத்தி தெளிவாக ஒலிக்கும், காம்பு தளர்ந்த கத்தி கரகரக்கும். பிறகு கைப்பிடியின் அடியை உள்ளங்கையில் இரண்டு முறை குத்துங்கள். ஏதேனும் அதிர்ந்தால் அக்கத்தியை மேசையிலேயே வைத்துவிடுங்கள். கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டிலும் வைப்பதற்காகக் குழாயாகச் செய்யப்படும் கத்திகளில் பெரும்பாலும் சரியான காம்பே இருப்பதில்லை. அவற்றைக் கண்காட்சிப் பொருளாகவே கருத வேண்டும்.

காம்பு கைப்பிடி முழுவதும் செல்ல வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். கெர்பர் நிறுவனத்தின் எல்எம்எஃப் இரண்டு என்ற கத்தியில் காம்பு கைப்பிடியின் அடிவரை செல்வதில்லை. விழுந்த விமானத்தின் தகட்டை வெட்டி வெளியேறும் வீரருக்கு உள்ளிருக்கும் மின்கம்பி வழியாக அதிர்ச்சி ஏற்படாதிருக்க அவ்வாறு வேண்டுமென்றே பிரிக்கப்பட்டிருக்கிறது. காரணத்தோடு குறைக்கப்பட்ட காம்புக்கும், இரும்பை மிச்சப்படுத்துவதற்காகக் குறைக்கப்பட்ட காம்புக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது படி: உருக்கும் தோய்ச்சலும்

படைக் கத்திகளில் காணப்படும் உருக்குகளை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, சாதாரண காபன் உருக்கு. 1095 எனப்படுவதில் ஏறத்தாழ 0.95 சதவீதம் காபன் உண்டு. எளிதில் கூரேறும், அடி தாங்கும், ஆனால் ஈரம் பட்ட ஓரிரவிலேயே கறள் பிடிக்கும். 5160 என்பது வாகன வில் தகடுகளுக்குப் பயன்படும் உருக்கு. 0.6 சதவீத அளவில் காபனும் சிறிது குரோமியமும் கொண்ட அது, வளைந்து மீளும் தன்மைக்குப் பெயர்பெற்றது. என் தந்தையார் பழைய லொறி வில்லை வாங்கிவந்து வாக்கத்தி அடித்ததும் இத்தகைய வில் உருக்கில்தான்.

இரண்டாவது, கறள் எளிதில் பிடிக்காத உருக்கு. ஏறத்தாழ 13 சதவீதமும் அதற்கு மேலும் குரோமியம் சேர்ந்தால், உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமொன்று உருவாகி அதைக் காக்கிறது. 420எச்சி, 440சி, ஏயூஎஸ்8, 14சி28என், விஜி10 ஆகியவை இக்குடும்பத்தவை. ஆனால், "கறள் பிடிக்காது" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கடல் நீரிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை ஊசிமுனையளவு இடங்களில் உடைத்து உள்ளே குழி தோண்டும். உச்ச கடினத்துக்காக அதிகக் காபன் சேர்த்த உருக்குகளில், குரோமியத்தின் ஒரு பங்கு காபனோடு சேர்ந்து கட்டுண்டுபோவதால், படலத்துக்குக் கிடைப்பது குறைகிறது. 12 சதவீதக் குரோமியம் இருந்தும் டி2 என்ற உருக்கு கறள் பிடிப்பதன் காரணம் இதுவே. அதில் காபன் 1.5 சதவீதம். இதற்கு மாறாக, 14சி28என் உருக்கில் காபனைக் குறைத்து, 14 சதவீதக் குரோமியத்தோடு சிறிதளவு நைதரசனையும் சேர்த்திருக்கிறார்கள். திருகோணமலையின் படகுப் பணிக்குக் கைக்கு எட்டும் விலையில் நான் முதலில் சொல்வது அந்த உருக்கையே. மோரா நிறுவனத்தின் கார்பெர்க் என்னும் முழுக் காம்புக் கத்தி அதில் செய்யப்படுகிறது. அலகு 109 மில்லிமீற்றர் நீளமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டது. கடும் நெம்புதலுக்கு நான் விரும்பும் தடிப்பைவிட மெல்லியது என்றாலும், கயிறும் பட்டியும் அறுப்பதே பெரும்பாலான வேலையாக உள்ளவருக்கு அது போதும். கடும் காட்டு வேலைக்கு 1095, 5160 ஆகியவற்றையே இன்றும் விரும்புகிறேன், தினமும் துடைத்து எண்ணெய் பூச மனமிருந்தால் மட்டும்.

காந்தத்தை ஒட்டிப் பார்த்து உருக்கைத் தீர்மானிக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. சமையலறைச் சில்வர் பாத்திரத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். கத்திக்குப் பொருந்தாது, ஏனெனில் தோய்ச்சல் ஏற்கும், அதாவது சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கக்கூடிய, கறள் பிடிக்காத உருக்குகளும் காந்தத்தில் ஒட்டும்.

உருக்கின் பெயரைவிட அதற்குக் கொடுத்த தோய்ச்சல் முக்கியமானது. செந்தணலில் காய்ந்த அலகை எண்ணெயில் தோய்க்கும்போது அது கண்ணாடிபோல விறைத்து, விழுந்தாலே உடையும் நிலைக்கு வந்துவிடும். அதை மறுபடியும் மிதமாகச் சூடாக்கி இளக்கினால்தான் பதம் வரும். தீட்டி மினுக்கிய இரும்பின் மேல் சூடு ஏறும்போது, 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சளும், பிறகு மண்ணிறமும் ஊதாவும், 300 பாகையை நெருங்கும்போது நீலமும் ஓடிவரும். தந்தையார் அலகின் முதுகில் நீலமும், வாய் என்னும் வெட்டும் விளிம்பில் வைக்கோல் மஞ்சளும் நிற்கும் அந்தக் கணத்தில் அதைத் தண்ணீரில் அமிழ்த்துவார். முதுகு வளைந்து கொடுக்கும், வாய் கூரைக் காக்கும். சிறுவனாக இருந்த நான் துருத்தி பிடித்தபடி அந்த நிறங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு கண நேரம் பிந்தினாலும் மஞ்சள் முழுவதும் நீலமாகிவிடும், மறுபடியும் உலையில் வைக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் இதே பதத்தை றொக்வெல் சி அளவில் எண்ணாகச் சொல்கின்றன. வைரக் கூம்பொன்றை 150 கிலோகிராம் பளுவால் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பதே அம்முறை. களக் கத்திக்கு 56 முதல் 58 வரை சரியான இடம், காபாரும் அங்கேதான் நிற்கிறது. ஆஸ்திரியப் படைக்காக உருவான குளொக் 78 கத்தி 55 அளவில் இன்னும் மென்மையாகவே வைக்கப்பட்டது. அது அடிக்கடி தீட்ட வேண்டிய கத்தி, ஆனால் உடைவது அரிது. 60க்கு மேற்பட்ட கடினம் கூரை நெடுநாள் காக்கும். எனினும் எலும்பிலோ கம்பியிலோ கல்லிலோ பட்டால் வாய் பொடிந்து போகலாம், அதைக் காட்டில் ஒரு சிறு கல்லால் சீர்செய்யவும் முடியாது. மழுங்கிய கத்தியை மீட்கலாம், உடைந்த கத்தியை மீட்க முடியாது.

ஐந்தாவது படி: வாயும் முனையும்

பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 20 பாகைக் கோணத்தில் தீட்டிய வாய், களத்தின் முரட்டு வேலைக்கும் கயிறு அறுப்பதற்கும் பொதுவாகப் பொருந்தும். முதுகிலிருந்து வாய்வரை சமதளமாக இறங்கும் அலகு வெட்டுவதற்கு இலகுவானது. நடுவில் உட்குழிவாகக் கடையப்பட்ட அலகு மிகக் கூராக இருந்தாலும், வாய்க்கு மேலே மெலிந்திருப்பதால் வைரமேறிய மரத்தில் கொத்த ஏற்றதன்று. முனை, முதுகிலிருந்து மெதுவாகத் தாழ்ந்து வரும் வடிவில், நல்ல தடிப்போடு இருக்கட்டும். வாயின் ஒரு பகுதியில் பல்வரிசை வைத்த கத்திகள் ஈரமான நைலோன் கயிற்றை விரைவாக அறுக்கும், ஆதலால் படகுப் பணியாளருக்கு அவற்றைக் குறை சொல்லமாட்டேன். ஆனால், முதுகில் வாள்பற்கள் வெட்டிய கத்திகளைத் தவிர்க்கவே சொல்வேன். அப்பற்கள் மரத்தைச் சரியாக அறுப்பதில்லை, முதுகில் கட்டையால் அடிப்பதையும் பெருவிரல் வைப்பதையும் தடுக்கின்றன.

ஆறாவது படி: கைப்பிடி

தோல் வளையக் கைப்பிடி கைக்கு மிக இனிமையானது. நானும் அதை விரும்புபவனே. ஆனால், கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்து உலர வழியில்லாமல் கிடந்தால் அது பூஞ்சணம் பிடித்து, ஈரத்தைக் காம்போடு அணைத்து வைத்திருக்கும். மரப் பிடிக்கு வேறொரு தொல்லை உண்டு. வாடையில் ஊதிப் பருத்த மரம், ஆடி மாதக் கச்சான் காற்றில் வறண்டு சுருங்கி, இரும்பிலிருந்து நகத்தளவு விலகி நிற்கும். அடுத்த மழை அந்த இடைவெளிக்குள்தான் இறங்கும். துணியடுக்கைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிய மைக்கார்ட்டாவும், கண்ணாடி நாரில் செய்த ஜி10 தகடும் நீரை ஏற்பதில்லை என்னுமளவுக்கு நிலையானவை. இறப்பர் போன்ற மென்பிடிகள் நனைந்த கையிலும் வழுக்காதவை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுளம்பு விரட்டியாகப் பூசிக்கொள்ளும் டீட் என்ற மருந்து சிலவகைப் பிளாஸ்டிக்கையும் செயற்கை இறப்பரையும் கரைத்துப் பிசுபிசுப்பாக்கும். அதைப் பூசிய கையைக் கழுவாமல் கத்தியைப் பிடிக்க வேண்டாம்.

பிடித் தகடுகள் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தால், தறையாணி அடித்ததைவிட அதற்கே முன்னுரிமை கொடுங்கள். கழற்றிப் பார்க்கக்கூடிய கத்தி கடலோரத்தில் இரட்டிப்பு ஆயுளோடு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கையில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, உறையிலிட்டபடியே கத்தியைப் பிடித்து ஒரு பலகையின் மேல் முன்னோக்கி அழுத்திப் பாருங்கள். கை அலகை நோக்கி வழுக்கினால், அந்தக் கைப்பிடிக்கு முன்காப்பு போதாது. கையுறையோடும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

ஏழாவது படி: உறை

நல்ல கத்தியைக் கெட்ட உறை ஒரு மழைக்காலத்தில் அழித்துவிடும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதோடு, தோல் பதனிட்ட அமிலங்களும் உப்புகளும் இரும்பைத் தின்னும். வார்த்த பிளாஸ்டிக், கைடெக்ஸ் போன்ற கெட்டி உறைகளே நமக்கு ஏற்றவை. அடியில் நீர் வடியும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலாவெளியிலோ புல்மோட்டையிலோ மணலில் ஊர்ந்து எழுந்தவரின் உறைக்குள் புகுந்த மணல், கத்தியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அரத்தாள்போல வாயை மழுக்கும். ஒரு போத்தல் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் மணல் அத்துளை வழியாக வெளியேறிவிடும். உறையைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறுங்கள், கத்தி விழக் கூடாது. காதருகே வைத்துக் குலுக்குங்கள், கலகலக்கவும் கூடாது. இரவில் நடப்பவருக்கு அந்தச் சத்தத்தின் விலை தெரியும்.

எட்டாவது படி: வாங்குதலும் முதல் வாரச் சோதனையும்

புகழ்பெற்ற கத்திகள் அனைத்துக்கும் போலிகள் உள்ளன. அலகில் "440" என்று மட்டும் பொறித்து, அடுத்து வரவேண்டிய எழுத்தை விட்டிருந்தால் ஐயப்படுங்கள். 440 குடும்பத்தில் ஏ, பி, சி என்று காபன் கூடிக்கொண்டே போகிறது, சொல்லாமல் விடப்படுவது பெரும்பாலும் தாழ்ந்ததாகவே இருக்கும். உருக்கின் பெயரையும் கடினத்தின் எண்ணையும் எழுத்தில் தராத கத்திக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வாங்கிய பின், களத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே, அதை வீட்டில் சோதித்து விடுங்கள். முதலில் பித்தளைக் கம்பிச் சோதனை. சிறுவிரலைவிட மெல்லிய பித்தளைக் கம்பியொன்றை இடுக்கியில் பூட்டி, கத்தியின் வாயைத் தீட்டிய கோணத்திலேயே சாய்த்து வைத்து அழுத்துங்கள். விளக்கு எதிரே இருந்தால், கம்பியின் மேல் வாயின் விளிம்பு சற்றே புடைத்து எழுவது நிழல்போலத் தெரியும். அழுத்தத்தை எடுத்தவுடன் அந்தப் புடைப்பு மறைந்தால் தோய்ச்சல் சரி. புடைப்பு அப்படியே நின்றால் உருக்கு மென்மை. சிறு பிறைபோலப் பொடிந்தால் அது மிகையாக விறைத்தது. இரண்டாவதாக, மணிக்கட்டுத் தடிப்புள்ள உலர்ந்த விறகொன்றின் தலையில் அலகை வைத்து, முதுகில் கட்டையால் அடித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கை அலகின் பாதையில் இருக்கக் கூடாது, அருகில் யாரும் நிற்கவும் கூடாது. பத்து விறகு பிளந்த பிறகு கைப்பிடியை முன்போலச் சுண்டிப் பாருங்கள். ஒலி மாறியிருந்தால், பற்றுச்சீட்டு கையில் இருக்கும்போதே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

ஒன்பதாவது படி: உப்பிலிருந்து காத்தல்

கடல் நீர் பட்ட கத்தியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், ஆனால் நாட்பட்டால் சிக்குப் பிடித்துத் தூசியை ஒட்டவைக்கும். கறுப்புப் பூச்சுள்ள அலகென்றால் காவல் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். தீட்டிய வாயில் பூச்சு இருப்பதில்லை, கறள் அங்கிருந்தே தொடங்கும். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது கத்தியை உறைக்கு வெளியே, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில், எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது.

மாதம் ஒரு முறை, திருகாணியுள்ள கைப்பிடியைக் கழற்றிக் காம்பைப் பாருங்கள். செம்புள்ளிகள் தெரிந்தால் எண்ணெய் நனைத்த மெல்லிய உருக்குக் கம்பளியால் தேய்த்து, துடைத்து, எண்ணெயிட்டு மறுபடியும் பூட்டுங்கள். கழற்ற முடியாத கைப்பிடியானால், முனை கீழ்நோக்கி இருக்கும்படி கத்தியைக் கட்டித் தொங்கவிட்டு, கைப்பிடியின் அடியில் காம்பு தெரியும் விளிம்பில் மெல்லிய எண்ணெய் நான்கைந்து துளி விட்டு ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் காப்பின் ஓரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் படும் எண்ணெய் தெளிவாக இருந்தால் உள்ளே காம்பு நலமாக இருக்கிறது. செம்மண்ணிறமாக வந்தால், அடுத்த பணிக்குப் போகுமுன் பட்டறையில் கொடுத்துக் கைப்பிடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.